பத்து மதிப்பெண் வினா

ஹால் டிக்கெட்டையும் என் முகத்தையும்
மாறி மாறிப் பார்க்கிறார் அடைக்கலராஜ் சார்.
பதினோரு வருடமாகக்
காரைக்குடியில் காலை ஆறு மணி என்றால் நான்தான்.
முகம்தான் யாருக்கும் தெரியாது.
"வள்ளிக்கண்ணா? மூணாவது வரிசை, போங்க."

எனக்கு முன்னால் ஒரு தபால்காரர்,
பக்கத்தில் கைக்குழந்தையை வெளியே யாரிடமோ
விட்டுவிட்டு வந்த பெண்;
கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கழுத்து திரும்புகிறது.
தொலைநிலைக் கல்வி, மூன்றாம் ஆண்டு, கடைசித் தாள்.

பதினேழாவது வினா:
வானொலி அறிவிப்பாளருக்குரிய தகுதிகளை விளக்குக.

சிரித்துவிட்டேன். தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.

மூன்று வருடம் முன்பு புது மேலாளர்
என் கோப்பைப் பிரித்தார். உள்ளே
பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும்
அப்பளம் மாதிரி கிடந்தது.
"இதுக்கு மேல பேப்பர் ஒண்ணும் இல்லையா?"
கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் வலித்தது.
பட்டம் இருந்தால் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்,
மாதம் நாலாயிரம் கூட.
இல்லாவிட்டால் மணிக்கணக்குச் சம்பளம்.
பொறுப்பாளர் நாற்காலியில் இப்போது
இளையான்குடி நஸ்ரீன் இருக்கிறாள்,
தங்கப் பதக்கம் வாங்கியவள்.
வெறுக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.
நான் படித்ததெல்லாம் அவளுடைய நோட்டுகள்தான்,
ஓரத்தில் பூப்போட்டது.

தகுதி.
பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தில்
குன்றக்குடிப் பக்கம் தொலைந்த பையனை
மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
நாலாவது முறை பெயர் வரவில்லை தொண்டையில்.
பச்சைச் சட்டை என்றேன்,
பச்சைச் சட்டை,
அவ்வளவுதான்.
டீக்கடைக்காரர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.
இதை எத்தனையாவது குறிப்பாக எழுதுவது?

இன்னொன்று.
மரண அறிவிப்பில் ஒரு செட்டியாருடைய
மூன்று முன்னெழுத்தில்
நடுவில் இருந்ததை விழுங்கிவிட்டேன்.
செய்திக்கு முன் இருபது விநாடிதான் இருந்தது.
மறுநாள் அவர் மகன் நிலைய வாசலில் நின்றார்,
மொட்டைத் தலை, ஈர வேட்டி.
கத்துவார் என்று நினைத்தேன்.
"நீங்க விட்டது எங்க ஐயாவோட அப்பாவை"
என்று மட்டும் சொல்லிவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போனார்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது.
திருமயம் தாண்டினால் நீங்க கேக்கலையே என்று
எத்தனை பேர் போன் செய்திருப்பார்கள்!
செட்டைத் திருப்பி வைங்க,
ஏரியலை ஜன்னல் பக்கம் நீட்டுங்க
என்றே பத்து வருடம் ஓட்டினேன்.
இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தில் படம் போட்டிருந்தது:
கோபுரத்தின் உயரம், பூமியின் வளைவு,
அலை எட்டாமல் கடந்துபோகும் ஊர்கள்.
கோளாறு அவர்கள் செட்டில் இல்லை.
அன்றிரவு புத்தகத்தை மூடிவிட்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு படிப்பு இதைத்தான் செய்யும் போலிருக்கிறது,
யாரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று
பட்டியல் கொடுத்துவிடுகிறது.

குரல் வளம். மொழித்திறன். பொது அறிவு. சமயோசிதம்.
நஸ்ரீன் நோட்டில் இருந்தபடி
நாலு தலைப்பும் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.
பத்துக்கு ஆறு தேறும்.
தாள் தீர்ந்துவிட்டது.
எழுந்து நின்றேன்.
"சார், ஒரு அடிஷனல் ஷீட்."

மூன்று வரிசைத் தலைகள் நிமிர்ந்தன.
கைக்குழந்தைக்காரி பேனாவை வைத்துவிட்டாள்.
அடைக்கலராஜ் சார் தாளோடு வந்து,
கையெழுத்துப் போட்டுவிட்டும் நகரவில்லை.
குனிந்து, மிக மெதுவாகக் கேட்டார்:
"இன்னைக்குக் காலையில வேற பொண்ணு பேசுச்சே?"
"பரீட்சை சார்."
"அதானே" என்றார்.
ஏதோ ஒரு கணக்குச் சரியாகிவிட்டது போல
வாசலுக்குத் திரும்பிப் போனார்.

இன்னும் பதினைந்து நிமிடம்.
கூடுதல் தாளின் முதல் வரியில்,
எந்த வினாவுக்கும் விடையாக இல்லாமல்,
ஒன்றையும் விடாமல் எழுதினேன்:
சித. பெரி. அரு. சாத்தப்பன்.